நூலகம்: அமைதிக் காலத்துச் சேமிப்பு

சென்னையின் மேற்குப் புறநகர் போர்க்களத்தைக் கண்டதில்லை. ஆனால், போருக்கு வேண்டியவற்றைச் செய்து அனுப்பும் பகுதி அது. 1960களில் தொடங்கப்பட்ட ராணுவ உடைத் தொழிற்சாலையும் கனரக வாகனத் தொழிற்சாலையும் ஆவடியில் இயங்கிவருகின்றன. படைவீரரின் சீருடையும் பீரங்கி வண்டியும் அங்கு உருவாகின்றன. அங்கிருந்து அம்பத்தூர், கள்ளிக்குப்பம் எனக் கடந்து புழலை நோக்கிச் சென்றால் காவாங்கரை வரும். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போர்க்கருவி புறப்படும் இடத்துக்கும், போரிலிருந்து உயிர் தப்பியவர்கள் வந்து தங்கிய இடத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்தான். அந்த இடைவெளியில்தான் நம்மில் பலர் வீடு கட்டி, வரி செலுத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கிறோம்.

போர் வந்தால் ஒரு சமூகத்தைத் தாங்கி நிறுத்துவது எது? உணவு, மருந்து, உறைவிடம் என்ற பதிலை யாரும் மறுக்க முடியாது. இந்தப் பட்டியலில் நூலகத்தைச் சேர்த்தால் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்றே வாசிப்பை நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கடந்த நூறாண்டுப் போர்களின் வரலாறு இந்த எண்ணத்துக்குத் துணைநிற்கவில்லை. குண்டு விழும் ஊர்களில் மக்கள் வாசித்தார்கள். புத்தகங்களைக் காப்பதற்காக உயிரைப் பணயம் வைத்தார்கள். அது ஏன் என்பதையும், எந்த ஊர்களால் அது முடிந்தது என்பதையும் புரிந்துகொண்டால், நம் தெருமுனைக் கிளை நூலகத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றும்.

காத்திருத்தலும் வதந்தியும்

போர் என்றதும் நம் மனத்தில் எழுவது வெடிச்சத்தம். ஆனால், குடிமக்களுக்குப் போர் என்பது பெரும்பாலும் காத்திருத்தல். பதுங்கிடத்தில் காத்திருத்தல், பங்கீட்டு வரிசையில் காத்திருத்தல், செய்தி வராத உறவினருக்காகக் காத்திருத்தல். இப்படித் தேங்கி நிற்கும் நேரம் மனத்தை அரித்துவிடும்.

1940 செப்டம்பரில் லண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனில் பொது நூலகத்தின் மீது குண்டு விழுந்தது. நூலகர்கள் கடையைக் கட்டிவிட்டுப் போகவில்லை. பணி முடியாமல் நின்றிருந்த சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ஆயிரக்கணக்கானோர் இரவுதோறும் தஞ்சம் புகுந்திருந்தனர். அங்கே, தண்டவாளத்துக்கு மேலே ஒரு சிறு நூலகத்தை அமைத்தார்கள். ஏறத்தாழ 4,000 நூல்கள் அங்கிருந்து இரவலாகச் சென்றன. அமெரிக்கா தன் படைவீரர்களுக்கென்றே சட்டைப்பைக்குள் அடங்கும் பதிப்புகளை அச்சிட்டது. 1943க்கும் 1947க்கும் இடையில் 1,300க்கும் மேற்பட்ட தலைப்புகளில், 12 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விலையின்றி வழங்கப்பட்டன. துப்பாக்கிக்கும் ரொட்டிக்கும் கணக்குப் பார்த்த அரசுகள் புத்தகத்துக்கும் நிதி ஒதுக்கியதற்குக் காரணம் இலக்கிய ஆர்வம் மட்டும் அன்று. மனம் உடைந்த படையும் மக்களும் போரைத் தாங்க மாட்டார்கள் என்பதை அவை அறிந்திருந்தன.

போரில் பெருகும் இன்னொன்று வதந்தி. அதன் வலிமையைச் சென்னையே அனுபவித்திருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், அடுத்த நாள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. அடுத்தது சென்னைதான் என்ற அச்சம் பரவியது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். எதிர்பார்த்த படையெடுப்பு நிகழவில்லை. ஆனால், அந்த வாரங்களில் வீட்டையும் பொருளையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு ஓடிய குடும்பங்களின் கதைகள் பழைய சென்னைவாசிகளிடம் நெடுநாள் வழங்கிவந்தன. நம்பகமான செய்தி அரிதாகும்போது பொய்யான செய்திக்கு விலை ஏறும் என்பது எந்தச் சந்தைக்கும் பொருந்தும் விதி.

நூலகம் இந்த இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதை லெனின்கிராடு காட்டியது. 1941 முதல் 1944 வரை, 872 நாள்கள் ஜெர்மானியப் படைகளின் முற்றுகையில் பட்டினி கிடந்த நகரம் அது. அங்கிருந்த பொது நூலகம் அந்தக் காலம் முழுவதும் வாசகர்களுக்குச் சேவை செய்தது. நூலகர்களிடம் வந்த கேள்விகளில் தீக்குச்சியையும் மெழுகுவர்த்தியையும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்வது எப்படி, உணவுக்கு மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்பவையும் இருந்தன. பழைய நூல்களைப் புரட்டி விடை தேடித் தந்தார்கள். கூடவே, முற்றுகைக் காலச் சுவரொட்டிகளையும் பங்கீட்டு அட்டைகளையும் சேகரித்தும் வைத்தார்கள். பசியிலேயே பலர் இறந்த ஒரு நகரத்தில், நாளை ஒருவர் வந்து இதைப் படிப்பார் என்று நம்புவதற்கு ஓர் அசாத்தியமான உறுதி வேண்டும்.

இருப்பும் ஓட்டமும்

இந்த உதாரணங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு செய்தி உண்டு. எந்த ஊரும் போர் வந்த பிறகு வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பொருளியலில் இருப்பு, ஓட்டம் என்று இரண்டைப் பிரித்துப் பார்ப்போம். ஏரியில் நிற்கும் நீர் இருப்பு. மதகின் வழியே பாய்வது ஓட்டம். புழல் ஏரி மழைக்காலத்தில் நிரம்பியிருந்தால்தான் கோடையில் நகரத்துக்குக் குடிநீர் கிடைக்கும். சித்திரையில் போய் ஏரியை ஆழப்படுத்தினால் அந்த ஆண்டுத் தாகம் தீராது. வாசிப்பும் அப்படித்தான். இரவல் வாங்கிய நூலைத் திருப்பித் தரும் பழக்கம், தெரியாததை நூலகரிடம் கேட்கும் பழக்கம், அச்சில் வந்ததையும் சரிபார்க்கும் பழக்கம் ஆகியவை அமைதிக் காலத்தில் சேரும் இருப்பு. போரில் அதை எடுத்துச் செலவழிக்கலாம். புதிதாக ஈட்டுவது மிகக் கடினம்.

சிரியாவில் முற்றுகைக்குள்ளான தராயா நகரத்தின் இளைஞர்கள், இடிந்த வீடுகளின் சிதைவுகளிலிருந்து பல்லாயிரம் நூல்களை மீட்டு, நிலவறை ஒன்றில் நூலகம் அமைத்தார்கள். ஒவ்வொரு நூலிலும் அதன் உரிமையாளர் பெயரைக் குறித்துவைத்தார்கள்; போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பதற்காக. 2016இல் நகரமே காலிசெய்யப்பட்டதால் அந்த எண்ணம் ஈடேறவில்லை. ஆயினும், உரிமையும் உடைமையும் பொருளிழந்துபோன ஓரிடத்தில் இரவல் என்ற ஒழுங்கை அவர்கள் கைவிடவில்லை. அந்த ஒழுங்கு நிலவறையில் பிறந்ததாக இருக்க முடியாது.

யாழ்ப்பாணம் சொல்லும் பாடம்

இந்த உண்மையைத் தமிழர்களுக்கு மிக அருகிலிருந்து உணர்த்துவது யாழ்ப்பாணம். அங்குள்ள பொது நூலகம் அரசு ஆணையால் பிறந்தது அன்று. 1933இல் க.மு.செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டே அது வாடகை அறை ஒன்றில் பொது நூலகமாயிற்று. பின்னர், லோங் அடிகளாரின் பெருமுயற்சியோடு மக்களிடம் நிதி திரட்டப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். இந்திய நூலகவியலின் தந்தை சீர்காழி இரா.அரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1959 அக்டோபரில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. கிராமங்கள்தோறும் சனசமூக நிலையங்கள் இருந்தன. அங்கே ஒரு நாளிதழைப் பலர் கைமாற்றிப் படித்தார்கள். நம் ஊர்ப் படிப்பகங்களும் தேநீர்க் கடைகளும் முடிதிருத்தகங்களும் ஒரு தலைமுறைக்குச் செய்த வேலையை அங்கே அவை செய்தன.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் அந்த நூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன என்பது அனைவரும் அறிந்த எண்ணிக்கை. அதே வன்முறையில் ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. எழுதப்படும் இடமும் சேமிக்கப்படும் இடமும் ஒருசேரத் தாக்கப்பட்டதைத் தற்செயல் என்று கருத இயலாது.

ஆனால், 97,000 என்ற எண் இழப்பின் முழு அளவைச் சொல்லாது. அச்சு நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு உலகில் வேறு பிரதிகள் இருக்கும். பணமும் காலமும் இருந்தால் மீட்டுவிடலாம். ஓலைச்சுவடிகளுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் இரண்டாம் பிரதி இல்லை. ஆனந்த குமாரசுவாமி, ஐசக் தம்பையா போன்றோரின் நூல் தொகுப்புகளும் அந்த நெருப்பில் போயின. ஒருவர் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த தொகுப்பைத் தனித்தனியாக விலைக்கு வாங்கி மறுபடி உருவாக்கிவிட முடியாது.

அதன் பின் நடந்ததைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். எரிந்த மறு ஆண்டே, 1982இல், யாழ்ப்பாண மக்கள் வீடு வீடாக நூல்களைத் திரட்டினார்கள். 1984இல் நூலகத்தின் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டது. அருகிலிருந்த கோட்டையை மையமிட்ட சண்டைகளில் அதுவும் சிதைந்தது. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் மின்கலமும் அரிதாயின. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் வைத்து எரித்த விளக்கின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறை மாணவர்கள் படித்துத் தேர்வெழுதினார்கள். மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் இடம்பெயர நேர்ந்தது. அத்தகைய அலைச்சலிலும் பள்ளிகள் மரத்தடியில் தொடர்ந்தன.

நூலகம் யாரையும் குண்டிலிருந்து காப்பாற்றவில்லை. எறிகணைக்கு முன் புத்தகம் கேடயமாகாது. அதை மிகைப்படுத்திப் பேசுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. கட்டடம் எரிந்த பிறகும் வாசகர்கள் எஞ்சியிருந்தார்கள் என்பதுதான் சொல்லத்தக்க செய்தி. அரை நூற்றாண்டாகச் சேர்ந்திருந்த அந்த இருப்பை நெருப்பால் தொட முடியவில்லை. அது இல்லாதிருந்தால் 1982இல் நூல் திரட்டவும் ஆள் இருந்திருக்காது. கொடுக்கவும் ஆள் இருந்திருக்காது.

பிரதி என்னும் காப்பீடு

யாழ்ப்பாணத்தின் இரண்டாவது பாடம், ஒரே இடத்தில் ஒரே பிரதி என்ற நிலை எத்தனை ஆபத்தானது என்பது. போஸ்னியாவின் சரயேவோவிலும் அதையே கண்டோம். 1992 ஆகஸ்ட்டில் அந்நகரின் தேசிய நூலகம் எறிகணைகளால் எரிந்து, பெரும்பகுதி நூல்கள் சாம்பலாயின. அதே நகரில் காசி ஹுஸ்ரெவ் பே நூலகத்தின் ஊழியர்கள், அரிய கையெழுத்துப் பிரதிகளை வாழைப்பழப் பெட்டிகளில் அடுக்கி இடம்விட்டு இடம் சுமந்து காப்பாற்றினார்கள். ஒன்று அசையாமல் நின்று அழிந்தது. மற்றொன்று நகர்ந்து பிழைத்தது.

மின்னணுக் காலத்தில் பெட்டி சுமக்க வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள், மலர்கள், துண்டறிக்கைகள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்திருக்கிறது. எரிந்த நூலகத்தின் அடுத்த தலைமுறை கண்ட விடை இது. தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் அரிய தொகுப்பு, 1990களில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு நுண்படச் சுருள்களாக்கப்பட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றியது. பிரதி எடுத்துப் பல இடங்களில் வைப்பது அறிவுக்குச் செலுத்தும் காப்பீட்டுத் தவணை. காப்பீட்டைப் போலவே, விபத்துக்கு முன்பு கட்டினால்தான் அதற்குப் பயன்.

நாம் கட்டும் வரி

இனி நம் பகுதிக்கு வருவோம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம்தான், ஆண்டு 1948. அரங்கநாதனின் பல்லாண்டு உழைப்பு அதன் பின்னால் இருந்தது. அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. இன்று நாம் செலுத்தும் சொத்து வரியோடு, ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலகத்துக்கென்று தனியே வசூலிக்கப்படுகிறது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்ததால், கள்ளிக்குப்பத்தில் ஓர் அறை வீடு வைத்திருப்பவரும் மாநகராட்சியின் வழியாக நூலகத்துக்குப் பங்களிக்கிறார். தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இயங்குவதற்கு இந்தச் சில்லறைக் காசுகளே அடிப்படை.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் தெரிந்ததே. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் நூலக ஆணைக் குழுவுக்கு உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவையில் வைப்பது பல்லாண்டுகளாகச் செய்தியாகிவருகிறது. வரி நிலுவையானால் நூல் வாங்குவது தள்ளிப்போகும். ஓய்வுபெற்ற நூலகரின் இடம் நிரப்பப்படாது. முழு நேரம் திறந்திருக்க வேண்டிய கதவு அரை நேரம்தான் திறக்கும். கோட்டூர்புரத்தில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தது பெருமைக்குரியதே. எனினும், கள்ளிக்குப்பத்துச் சிறுமி மாலையில் நடந்துபோய்த் திரும்பும் தூரத்தில் இருப்பது கிளை நூலகமே. பழக்கம் என்ற இருப்பு அங்கேதான் சேரும்.

பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர் எனத் தேவைகள் வரிசையாக நிற்கும்போது நூலகத்துக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால், நூலக வரி ஏற்கெனவே அந்த நோக்கத்துக்கென்றே வாங்கப்பட்ட பணம். மருத்துவமனைக்கான நிதியிலிருந்து எடுக்கப்படுவது அன்று. அதை வேறு செலவுக்குத் திருப்புவது சிக்கனம் ஆகாது. வருமுன் காக்கும் சேமிப்பை இன்றைய செலவுக்குக் கரைப்பதாகவே முடியும். போர் மட்டுமே இடர் என்பதும் இல்லை. பெருவெள்ளம், நோய்த்தொற்று, வகுப்புப் பூசல் என எந்த இடர் வந்தாலும் கைப்பேசியில் வதந்தி முந்திக்கொண்டு ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். சரிபார்க்கும் பழக்கமுடைய ஒரு சிறு கூட்டம் ஒவ்வொரு தெருவிலும் இருப்பது அப்போது பெரும் பாதுகாப்பு.

காவாங்கரை முகாமுக்கும் இதில் இடம் உண்டு. 2021இல் தமிழ்நாடு அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, நல்ல மாற்றம். மறுவாழ்வு என்ற சொல்லுக்குப் பொருள் சேர வேண்டுமானால், தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இன்றி நிற்கும் பிள்ளைகளுக்கு நூலகத்திலேனும் அந்நியத் தன்மை இருக்கக் கூடாது. முகாம் அடையாள அட்டை எல்லாக் கிளை நூலகங்களிலும் உறுப்பினர் சேர்க்கைக்குத் தடையின்றி ஏற்கப்பட வேண்டும். நூலகம் எரிந்த மண்ணிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய மூத்தோர் பேசும் நினைவுகளைக் கேட்டு எழுதிச் சேகரிக்கும் பணியையும் உள்ளூர் நூலகமே முன்னின்று செய்யலாம். அந்தச் செய்திகளுக்கும் இரண்டாம் பிரதி இல்லை, சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. வசூலான நூலக வரி அந்தந்த அரையாண்டிலேயே ஆணைக் குழுவுக்குச் சென்று சேர வேண்டும். சென்று சேர்ந்த தொகை மண்டலவாரியாகப் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். தொழிற்பேட்டையில் வேலை முடிந்து திரும்புவோருக்கு உதவும்படி கிளை நூலகங்கள் இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். வட்டார வரலாறு தொடர்பான பள்ளி மலர்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், பழைய வரைபடங்கள் ஆகியவை எண்ணிமமாக்கப்பட்டு வேறு ஊர்களிலும் சேமிக்கப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

இவற்றையெல்லாம் அரசு தானாகவே செய்துவிடும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த அரையாண்டுச் சொத்து வரியைக் கட்டும்போது, அதில் நூலகத்துக்குரிய பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் பகுதி நூலகத்துக்கு ஒரு மாலை நடந்துசென்று, உறுப்பினராகி, ஒரு நூலை இரவல் வாங்கி வாருங்கள். வாசகர் வருகைப் பதிவேட்டில் கூடும் ஒவ்வொரு கையெழுத்தும், கதவை அடுத்த ஆண்டும் திறந்துவைக்க வேண்டும் என்று கேட்பதற்கான ஆதாரம்.